ஒரு முழம் நீலம்

முடிச்சூரிலிருந்து மாசிலாமணி வந்திருந்தார்
அரிசி மூட்டையோடு.
மூட்டைக்குள் கம்ப்யூட்டர்.
"மூணு நாளா இதுலதான் வெச்சிருக்கேன் மேடம்,
ஈரத்த இழுத்துக்குமாமே."
இழுத்திருந்தது, தன்னால் ஆன மட்டும்.
ராம் செருகும் பள்ளத்தில்
ஒற்றை ரேஷன் பச்சரிசி
ஊறிப் பருத்துக் கிடந்தது.

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
இந்த வாரம் படியேறி வருகிற எல்லோருக்கும்
முழங்காலுக்கு மேல் நாலு விரல் உயரத்தில்
ஒரே கறை,
பேன்ட்டிலும் பெட்டியிலும்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
சேறு. மாவு போல் சலித்த, மெல்லிய,
விசிறி இறக்கை ஒவ்வொன்றிலும்
யாரோ பொறுமையாய்ப் பூசிவிட்டுப் போன சேறு.
பெயரில்தான் மாசில்லை அவருக்கு.

நடுவே வளைந்த குழாயில்
அவர் சீட்டுப் பணத்தில் ஆசையாய்ப் போட்டுக்கொண்ட
குளிர்விக்கும் திரவம்,
பூக்காரி கையளவில் ஒரு முழம் இருக்கும்,
நீலம்.
கலங்கவே இல்லை.
ஆற்றிலிருந்து ஏரிக்கும்
ஏரியிலிருந்து தெருவுக்கும் வழி கேட்காமல் வந்து
பீரோவின் அடித்தட்டு வரை புகுந்த தண்ணீர்
இந்தத் தண்ணீருக்குள் மட்டும்
புகவில்லை.

"தண்ணியில போனத தண்ணியிலயேவா கழுவுவீங்க?"

ஆமாம்.
எந்தத் தண்ணீர் என்பதில்தான் என் பிழைப்பு.
மெட்ரோ தண்ணீரில் குளோரின்.
போர் தண்ணீரில் உப்பு, துரு.
கேன் தண்ணீர் நம் நாக்குக்கு மட்டும் சுத்தம்.
பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் வாங்குவேன்,
ருசியற்றது,
எந்த ஊரையும் தன்னோடு கொண்டுவராதது.

முதலில் நாணயம் அளவு பேட்டரியை நெம்பினேன்.
கடிகாரம் நின்றது.
பிறகு பலகையைத் தட்டில் கிடத்தி
மூன்று முறை அலசல்.
முதல் தண்ணீர் டீ நிறம்,
இரண்டாவது கஞ்சி,
மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்
ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆல்கஹால்.
டீ கொண்டுவந்த இம்தாத் மோந்துவிட்டு
"அக்கா, பகல்லயேவா" என்றான்.
"தொண்ணூத்தொம்பது பர்சென்ட். ஒரு மூடி குடி,
நேரா ஜி.எச்.தான்."
குழந்தைகள் பிரஷ்ஷால் தேய்த்தேன்
காலிடுக்கு, செருகுவாய், சில்லின் அடிவயிறு.
போகமாட்டேன் என்று ஒட்டிக்கிடக்கும் ஈரத்தை
இது கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்,
விருந்தாளியைக் கிளப்ப வந்த விருந்தாளி மாதிரி.
வாசனை மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

ப்ராசசர் முதுகில் பழைய பேஸ்ட்
வெற்றிலைச் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. சுரண்டி,
புதிதாக ஒரு பட்டாணி அளவு.

வெயிலே இல்லாத கார்த்திகை.
டேபிள் ஃபேனுக்கு எதிரில் இரண்டு நாள்.
மாசிலாமணி நாளுக்கு நாலு தடவை போன் செய்தார்,
"மூச்சு வருதா?"

மூன்றாம் நாள் வேறு பவர் சப்ளை கொடுத்து
ஸ்விட்சைத் தட்டியபோது
நான் எப்போதும் செய்வதுபோல
ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

புகை இல்லை.
பம்ப் ஒருமுறை செருமியது.
நீலம் ஓட ஆரம்பித்தது.

திரையில், ஜனவரி ஒன்று.
அதன் கணக்கில்
இன்னும் மழையே பெய்யவில்லை.

தேதியைத் திருத்தச் சொன்னேன். அவர் கேட்கவில்லை,
நேராக ஒரு ஃபைலைத் திறந்தார்.
இருபதுக்குப் பத்து அடி ஃப்ளெக்ஸ்,
கூப்பிய கைகளோடு வட்டச் செயலாளர்,
பாதிப் பல் வெள்ளை, பாதி மஞ்சள்.
"வெளுத்துகிட்டு இருக்கும்போதுதான் மேடம் கரன்ட் போச்சு."
தலைக்கு மேல் தங்க எழுத்தில்
மழைநீர் வடிகால் திறப்பு விழா
வருக வருக.

நான் அவரைப் பார்க்கவில்லை.
அவரும் என்னை.
"அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்றார், மவுஸிடம்.
மீதிப் பற்களை ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கினார்.

கொஞ்சம் கழித்து, "எவ்ளோ ஆச்சு?"

ஆயிரத்து எண்ணூறு.
அரிசிய எடுத்துட்டுப் போயிடுங்க.